மாஊன்: சின்னப் பொருளை மறுப்பது சின்னக் குற்றமா?



திருக்குர்ஆனின் 107-வது அத்தியாயம் அல்மாஊன். 7 வசனங்கள்தான். தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சூரா. தீர்ப்பு நாளைப் பொய்யாக்குபவன் யார் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. அனாதையை விரட்டுபவன், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன், தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்கள், பிறர் பார்ப்பதற்காகச் செய்பவர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் 'மாஊன்' கொடுக்க மறுப்பவர்களில் முடிகிறது.

மாஊன் என்றால் என்ன? ஜகாத் என்று விளக்கம் தந்தவர்களும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ வாளி, சட்டி, கோடரி போல மக்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பொருட்கள் என்றார்கள்.

ஒரு வாளியை இல்லை என்று சொல்வது இவ்வளவு பெரிய குற்றங்களின் பட்டியலில் ஏன் வருகிறது? யோசித்துப் பாருங்கள். பெரிய தர்மம் கேட்டால் வசதியில்லை என்று நாம் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். வாளியைக் கொடுத்தால் நமக்கு என்ன குறையும்? மாலையில் திரும்பி வந்துவிடும். அதையும் மறுக்கிறோம் என்றால், குறை கையில் இல்லை, கல்பில் இருக்கிறது.

கேட்பவரின் கூச்சம்

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் கொடுக்கத் தயாராக இருந்தாலும், கேட்க வாய் வராதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார், ஆறு வாரத்திற்கு ஒரு வாக்கர் வேண்டும். அந்த மருமகள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகத்தைப் போலவே கருவிகளையும் இரவல் கொடுத்து வருகிறது. நமக்கு இது புதிதா? பிரியாணி தேக்சாவும் சஹனும் ஜமுக்காளமும் பள்ளிவாசலில் வாங்கித்தானே எத்தனையோ மஹல்லாக்களில் கல்யாணம் நடந்தது! அதோடு ஏணி, டிரில்லிங் மெஷின், வீல்சேர், வாக்கர் ஆகியவற்றுக்கும் ஓர் அறையும் ஒரு பதிவேடும் வைத்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை. வசதியுள்ளவரும் அங்கே வந்து வாங்க வேண்டும். அவர் பெயரும் அதே பக்கத்தில் இருந்தால்தான், இல்லாதவர் தலைகுனியாமல் கையெழுத்துப் போடுவார்.

ஆயிஷா (ரலி) அவர்கள் தாம் அணிந்திருந்த 5 திர்ஹம் பெறுமதியுள்ள முரட்டுச் சட்டையைக் காட்டி, நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இதுபோன்ற ஒன்று தம்மிடம் இருந்ததையும், மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிப்பவர்கள் அதை இரவல் கேட்டு ஆளனுப்பியதையும் நினைவுகூர்ந்தார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. மணக்கோலமே இரவல் உடை! அங்கே யாரும் கூசவில்லை.

திருப்பிக் கொடுக்கும் கை

இப்படிப்பட்ட ஏற்பாடுகள் நின்றுபோவது பெரும்பாலும் கொடுப்பவர் இல்லாததால் அல்ல, திருப்பித் தராததால்தான். ஹுனைன் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் பின் உமைய்யாவிடம் கவசங்கள் கேட்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்கவில்லை. மக்கா அப்போதுதான் வெற்றி கொள்ளப்பட்டிருந்தது. பறித்துக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, இல்லை, பொறுப்பேற்று வாங்கும் இரவல்தான் என்றார்கள். பின்னர் சில கவசங்கள் தொலைந்துபோக, ஈடு தரவும் முன்வந்தார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த பயன்பாட்டால் அல்லாமல் இரவல் பொருள் அழிந்தால், நம் அலட்சியம் இல்லாவிட்டாலும் நாமே பொறுப்பு. ஹனஃபி மத்ஹபில் அது அமானிதம். அலட்சியமோ வரம்பு மீறலோ இருந்தால் பொறுப்பு. ஆனால் திருப்பித் தர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எனவே பள்ளிவாசலில் அறை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். அடுத்தவர் பொருள் எத்தனை இருக்கிறது? நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அறை திறந்த பிறகும், வாசலில் வந்து கேட்பவரை 'அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிடாதீர்கள். மாஊன் நம் வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்வி.

நம் எல்லோருக்கும் கடைசியாக ஓர் இரவல் பொருள் காத்திருக்கிறது, பள்ளிவாசல் மூலையில் இருக்கும் சந்தூக். அதை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது. நம்மைச் சுமந்து சென்றவர்கள்தான் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கு முன் நம்மிடம் உள்ள பிறர் பொருட்கள் அவரவர் வீடு சேர்ந்திருக்கட்டும்.

கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் கொடுக்கவும், வாங்கியதைக் குறையின்றித் திருப்பித் தரவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.