எது விடுதலை?

தாம்பரத்தில் நம் இல்லத்துக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று உள்ளது. அதனுள் நம் பேரன் ஓர் ஆற்றையே அமைத்திருக்கிறான். அடியில் மணல், அதன்மேல் கூழாங்கற்கள், நீரில் ஊறிய மரவேர், பகலில் ஒளிந்துகொள்ள இருண்ட பொந்து, நீரை ஓடச் செய்யும் மோட்டார். இத்தனையும் ஒரே ஒரு மீனுக்காக! தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று கூறிக் கடைகளில் விற்கப்படும் 'சக்கர்' மீன் அது. கெளுத்தி வகையைச் சார்ந்தது. தென் அமெரிக்க ஆறுகளே அதன் தாயகம்.

"இங்கே இது சந்தோஷமாக இருக்கிறதா, பாட்டி?" என்று அவன் கேட்டான். பல்லாண்டு பாடம் நடத்திய நமக்கு உடனே விடை கூற இயலவில்லை.

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அவற்றுள் முதலாவது, உயிரைக் கட்டி வைத்தல். அடித்தல் முதலியன அதற்குப் பின்னரே வருகின்றன. மணலும் கல்லும் மட்டும் ஆறாகிவிடா. விரும்பிய திசையில் செல்லும் வழியே ஆறு. அதனைத் தொட்டிக்குள் எவராலும் அமைக்க முடியாது.

அவ்வாறாயின் விட்டுவிடலாமே எனத் தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணினோம். 2013ஆம் ஆண்டில், அண்டை வீட்டுத் தொட்டியில் அடங்காது வளர்ந்துவிட்ட இத்தகைய மீன் ஒன்றை வாளியில் எடுத்துச் சென்று செம்பாக்கம் ஏரியில் விட்டோம். புண்ணியம் செய்ததாக மகிழ்ந்து இல்லம் திரும்பினோம்.

உண்மையைப் பின்னரே அறிந்தோம். விரலளவில் வாங்கப்படும் இம்மீன் ஒன்றரை அடி வரை வளரும். பத்தாண்டுக்கு மேலும் வாழும். உடலைக் கவசத் தகடுகள் மூடியிருப்பதால் இதனை உண்ணும் உயிர்கள் சில. நீர் கெட்டாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். கரையைக் குடைந்து முட்டையிடும். நம் நாட்டு மீன்களின் இரைக்கும் இடத்திற்கும் போட்டியாகும். கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில் இது பரவியுள்ளது. செம்பாக்கத்தின் உபரிநீரோ, 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிச் செல்வது. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தின்போது நாம் விட்ட மீன் எங்குச் சென்றதோ!

ஒரு மீன்தானே என்பர். ஒவ்வொரு வீட்டாரும் அவ்வாறே எண்ணி விடும்போது அதற்கு இணை கிடைத்துவிடுகிறது.

வைத்திருந்தால் கட்டு, விட்டால் பிற உயிர்களுக்குக் கேடு. பிழை இவ்விரண்டிற்கும் முன்பே, விலை கொடுத்து வாங்கியபொழுதே நிகழ்ந்துவிட்டது. இனி நமக்கு எஞ்சியிருப்பது, அதன் ஆயுள் முடியுமளவும் இடமும் இருளும் இரையும் குறையாது பேணுவதும், மற்றொன்றை வாங்காதிருப்பதுமே. பேரனிடம் இதனைக் கூறினோம். அவன் இசைந்தான். பின்னர், "அப்படியானால் அந்த ஏரி மீனுக்கு யார் பொறுப்பு, பாட்டி?" என்றான்.

"நாமே" என்றோம். வேறு விடை இல்லை.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என மும்மணிகளை வரிசைப்படுத்திய ஆன்றோர் ஒழுக்கத்திற்கு முன்னே ஞானத்தை வைத்தனர். அதன் பொருளை ஒரு வாளித் தண்ணீர் நமக்கு உணர்த்தியது. அறியாது செய்யும் அருள், அருளாகாது. அன்பர்கள் சிந்திப்பார்களாக.