ஏன் அந்த முனை?

மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு எலும்பு முறிந்தால் எந்த முனை ரத்தமின்றிச் சாகக்கூடும்? எலும்பியல் தேர்வுக்கு மாதிரி வினாக்களைப் போட்டுப் பார்ப்பவர்கள் 'முன்கைப் பக்க முனை' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவார்கள். மதிப்பெண் வரும், போதாது. முக்கிய ரத்தக்குழாய் விரல் பக்கமாக நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. முறிவு அதை அறுத்துவிடலாம். இது புரிந்தால் தொடை எலும்பின் கழுத்து முறிவும், கணுக்காலின் தாலஸ் முறிவும் சேர்ந்தே புரியும். அந்த 'ஏன்' நினைவில் நிற்க, உங்களையே கேட்டுப் பாருங்கள்: மறுபடி மறுபடி வாசித்தவர்களைவிட, தங்களைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்துப் பாடம் அதிகம் நினைவிருந்தது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். (ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள், ஏமாற்றுவது அதுதான்.) அமெரிக்க எலும்பியல் வாரியத் தேர்வின் முதல் பகுதியில், கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் வாய்மொழித் தேர்வில், தேர்வுக்கு வந்தவர் தாமே செய்த அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி, எதிரில் இருக்கும் தேர்வாளர் 'ஏன்?' என்பார்.