மறைப்பது அன்பாகுமா?

பிள்ளை நன்றாகக் கதைக்கிறான். கேட்டதை மறவாமல் சொல்கிறான். புத்தகத்தைத் திறந்தாலோ எழுத்துப் பிடிபடுவதில்லை. வகுப்பில் ‘மொக்கன்’ என்ற பட்டம், வீட்டில் அடி. பெற்றோருக்கு உள்ளூர ஒரு சந்தேகம். ஆனால் பாடசாலைக்குப் போய் வாய்திறக்கத் தயக்கம். ஊர் என்ன சொல்லும்? நாளை இவன் தங்கையைப் பெண் கேட்டு வருவோர் என்ன நினைப்பர்?

அன்பான வாசகர்களே, இத்தயக்கம் விளங்காததன்று. ஆனால் அதற்கு விலை கொடுப்பவர் யார்? அந்தப் பிள்ளையே.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டதை அருளப்பர் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இருவரதும் அன்று என்றார் ஆண்டவர். குற்றவாளியைத் தேடாமல் அம்மனிதனுக்கு வேண்டியதைச் செய்தார். குற்றமில்லாத இடத்தில் வெட்கத்திற்கு இடமேது?

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவனுக்கு மட்டும் தனிக்கவனம் கேட்பது அநீதியல்லவா என்று சிலர் வினவலாம். பொதுவானதைப் பங்கிடும் நீதி, எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதன்று, ஆளுக்கேற்ற விகிதப்படி கொடுப்பதே என்று கற்பித்தார் புனித அக்குவினாஸ் தோமையார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு தாய் விழித்திருப்பதை மற்றப் பிள்ளைகளுக்கு இழைத்த அநீதி என்போமா? எமது நாட்டின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமும், வலுவிழப்பைக் காரணங்காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது பிச்சையன்று.

எப்படிக் கேட்பது? முதலில் வைத்தியரிடம் கண்ணையும் காதையும் காட்டுங்கள். சிலவேளை குறை அங்கேயே இருக்கும். பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். வகுப்பாசிரியரையும், பின்னர் அதிபரையும் காணுங்கள். குறைசொல்லப் போகாதீர்கள், துணை தேடிப் போங்கள். முன்வாங்கில் இடம், வாயால் விடைசொல்ல அனுமதி, சற்றுக் கூடிய நேரம்: இவையே பெரிய உதவியாகலாம். மேலும் தேவையாயின் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை அணுகுங்கள். விசேட கல்வி அலகுள்ள பாடசாலைகளும் உண்டு.

சந்தேகம் பிழையானால் நட்டமில்லை. சரியானாலோ, ஓராண்டு முந்தி அறிவதும் பெரும் நன்மையே.

புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைக்காக நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். எழுத்தோடு போராடும் பிள்ளைக்காகப் பாடசாலைப் படியேற மாட்டோமா?