வீட்டிலிருந்தே வருமானம்: அது யாருடைய பணம்?



“பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் போனில் சம்பாதித்தால் தப்பா ஹஜ்ரத்?” என்று நம் பெசன்ட் நகர் சகோதரி ஒருவர் கேட்டார். உழைப்பு தப்பே இல்லை. ஆனால் வேலை கொடுப்பவர் கூலி தருவார். நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதலில் சில நூறு ரூபாய் அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் டெலிகிராமில் ‘டாஸ்க்’ என்று ஆயிரங்களைக் கட்டச் சொல்வார்கள். திரையில் லாபம் ஏறும். எடுக்கப் போனால் ‘வரி கட்டு’ என்பார்கள்.

விளம்பரம் பார்த்தால் வருமானம் என்ற மைவி3 ஆட்ஸ் மீது வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் அதற்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது. நமக்குரிய கேள்வி வேறு: என் கைக்கு வருவது என் உழைப்பின் கூலியா, எனக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டிய பணமா?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். நாமும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காமல் உறவினரையும் சேர்த்துவிட்டு, “எனக்குத் தெரியாது” என்றால் மறுமையில் அந்தப் பதில் போதுமா?

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்; உடனே 1930க்கு அழையுங்கள்.

அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஸ்க்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.