பூட்டும் எண்ணும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாத்திரம் சொன்னபடி கேட்காவிட்டால் பேனாவால் அடித்துவிடலாம். உயிருள்ள மனிதனைத் தூரத்தில் இருந்தபடி அப்படி அடக்கும் அதிகாரம் யாருக்காவது இருக்கலாமா? 1982-இல் வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' வரிசையின் இரண்டாவது படம் எனக்குள் இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது.

கான் என்ற பழிகாரன் ரிலயன்ட் என்னும் விண்கப்பலைக் கைப்பற்றி, கிர்க்கின் கப்பலைத் தாக்கி முடமாக்கிவிடுகிறான். கிர்க் சற்று அவகாசம் கேட்கிறார். கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரியத்தில் இறங்குகிறார். 16309 என்ற எண்ணை இங்கிருந்தே அனுப்பியதும் ரிலயன்ட்டின் காப்புக் கவசம் தானாக இறங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு ஒரே குதூகலம், எனக்கும்தான்.

ஆனால் அந்த எண் கானுக்காகச் செய்யப்பட்டதல்ல. அவனுக்கு முன் அக்கப்பலை நடத்திய டெரல் யோக்கியமான மனிதர். அவர் தலைக்கு மேலும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எண்ணுக்குக் கிர்க் யார், கான் யார் என்று தெரியுமா, என்ன? எவன் அனுப்பினாலும் கவசம் இறங்கும்.

இது சினிமாச் சங்கதி என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் வஸ்தோக் கலத்தில் விண்வெளிக்குப் போனார். எடையற்ற நிலையில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று தரையில் இருந்தவர்களுக்குப் பயம். அதனால் கலத்தைக் கையால் செலுத்தும் விசைகளைப் பூட்டிவைத்தார்கள். பூட்டைத் திறக்கும் எண் 125. அதை ஓர் உறையில் ஒட்டி அவர் பக்கத்திலேயே வைத்தார்கள். உறையைப் பிரித்து எண்ணை அழுத்தும் அளவுக்குத் தெளிவு இருந்தால் ஓட்டவும் தெளிவு இருக்கும் என்பது கணக்கு.

கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என்ன நடந்தது? புறப்படுவதற்கு முன்பே அந்த எண்ணை அவரிடம் சொல்லிவிட்டார்கள், அதுவும் ஒருவர் அல்ல! 108 நிமிஷப் பயணம் தானியங்கியிலேயே முடிந்தது. எண்ணுக்கு வேலையே வரவில்லை. விதியை மீறிய அந்த மனிதர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பித்துப்பிடித்தவன் கையில் கப்பல் சிக்கினால் கீழே இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? உயிரைப் பணயம் வைத்துப் போகிறவனுக்குப் பூட்டு இருப்பதாவது தெரியவேண்டும் என்கிறேன்.

கிர்க்கின் கப்பலில் சாவிக் என்று ஓர் இளம் அதிகாரி. இப்படி ஓர் எண் இருக்கும் விஷயமே அவளுக்கு அன்றுதான் தெரிகிறது. ஸ்பாக் நிதானமாக விளக்குகிறார். தன் கப்பலின் எண் யார் யாரிடம் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. சண்டை நடுவே அதற்கு ஏது நேரம்?