சூரைச்செடியின் நிழலில் இளைப்பாறுதல்

இம்மாத தியானத்திற்காக 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம் 1 முதல் 8 வரையுள்ள வசனங்களை ஜெபத்தோடு வாசித்துவிட்டு, பிறகு இதைப் படியுங்கள்.

கர்மேல் பர்வதத்து எலியாவைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அக்கினி இறங்கினது, மழை பெய்தது, ஆகாபின் இரதத்துக்கு முன்னே எலியா ஓடினான். அல்லேலூயா! ஆனால் அடுத்த அதிகாரத்து எலியாவைப் பற்றி கன்வென்ஷன் மேடையில் அதிகம் பேசுவதில்லை. அதே தேவமனிதன் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, இனி உயிரோடு இருக்க வேண்டாம் என்று ஜெபம் பண்ணினான். அப்படியே படுத்துத் தூங்கிவிட்டான்.

தேவன் என்ன செய்தார்? கவனியுங்கள். அவர் கோபிக்கவில்லை. ஒரு தூதனை அனுப்பினார். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, உபவாசம் போடு என்று சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். எலியா சாப்பிட்டான், குடித்தான், திரும்பவும் படுத்துக்கொண்டான். அந்த இடத்தை வேதத்தில் அடிக்கோடு போட்டு வையுங்கள். ஒருதரம் தூங்கினது அவனுக்குப் போதவில்லை. தேவன் இரண்டாந்தரமும் தூங்கவிட்டார். போக வேண்டிய தூரம் அவன் பெலத்துக்கு மிஞ்சினது என்று தூதனே சொல்லுகிறான். அந்தத் தூக்கமும் சாப்பாடும் கிடைத்த பிறகுதான் அவன் 40 நாள் நடந்து ஓரேப் மட்டும் போனான்.

இன்றைக்கு இந்தச் செய்தி யாருக்கு? ஆறாத வலியைச் சரீரத்தில் சுமக்கிறவர்களுக்கு. முடக்குவாதம், முதுகெலும்புத் தேய்மானம், நரம்பு வலி, ஒற்றைத் தலைவலி என்று வருஷக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் நம் நடுவிலே இருக்கிறார்கள். அரக்கோணத்தில் விடியுமுன் தண்ணீர் பிடித்து, சமைத்து, வீங்கின கையோடு சென்னைக்குப் போகிற மின்சார வண்டியைப் பிடிக்க ஓடுகிற சகோதரிகள் எத்தனை பேர்! அவர்கள் கேட்கிற கேள்வி இதுதான்: "பாஸ்டர், கொஞ்சம் படுத்தா வீட்டுல சோம்பேறின்னு சொல்றாங்க. முழு இரவு ஜெபத்துக்கு வரலேன்னா சபையில விசுவாசம் இல்லேன்னு சொல்றாங்க. நான் எங்கதான் போறது?"

1. ஓய்வு எடுப்பது அவிசுவாசம் அல்ல

நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறோம். அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. இன்றும் இயேசு சுகமாக்குகிறார். ஆனால் சுகம் வருகிற வரைக்கும் அந்த மனுஷன் எப்படிப் படுப்பான், எப்படி எழுந்திருப்பான் என்பதும் தேவனுடைய அக்கறைதான். பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுவந்த உறுமால்களால் வியாதிகள் நீங்கினதாக அப்போஸ்தலர் 19-ல் படிக்கிறோம். அதே பவுல் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தான் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு வைத்திய யோசனை எழுதினான் (1 தீமோத்தேயு 5:23). இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நம் ஆண்டவரே புயல் அடிக்கிற படகில் தலையணை வைத்துத் தூங்கினார் (மாற்கு 4:38). அவர் தூங்கினது அவிசுவாசமா? இல்லவே இல்லை!

2. டோனாவூரில் ஓர் அறை

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அயர்லாந்து தேசத்திலிருந்து 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், ஆபத்தில் இருந்த பெண்பிள்ளைகளை அங்கே சேர்த்து வளர்த்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை 'அம்மா' என்று அழைத்தார்கள். கடைசி வரை ஒருதரம்கூட விடுமுறைக்குச் சொந்த தேசம் போகாதவர். அவ்வளவு ஓட்டம்!

1931-ம் வருஷம் அக்டோபர் 24-ம் தேதி, களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள். எத்தனை ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டிருக்கும்! ஆனாலும் அவர் பழையபடி நடமாடவில்லை. 1951 ஜனவரி 18-ல் கர்த்தரிடத்தில் சேரும் வரை, ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடும் தூக்கமில்லாத இரவுகளோடும் கழித்தார். அந்த அறைக்கு 'சமாதான அறை' என்று பேர்.

1933-ல் நோயாளிகளுக்கென்றே ஒரு புத்தகம் வெளியிட்டார். நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் எழுதுகிற ஆறுதல், வலியில் கிடக்கிறவர்கள் மனதில் ஒட்டுவதில்லை என்று அவர் கண்டிருந்தார். ஆகவே படுக்கையிலிருந்து படுக்கைக்கு எழுதினார். அதன்பின் இன்னும் பல புத்தகங்கள், பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள். ஊழியம் நின்றுபோகவில்லை பிரியமானவர்களே, அதின் வடிவம்தான் மாறினது. ஓட முடிந்த காலத்தில் ஓடினார். முடியாத காலத்தில் படுத்தபடி செய்ய முடிந்ததைச் செய்தார். அவர் நம் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்லதான். ஆனாலும் அந்த இருபது வருஷத்தை அவிசுவாசம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

3. விழுமுன்னே உட்காருங்கள்

வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் உறைக்கிறது. இது வைத்தியர்கள் அறிந்த உண்மை. வலி குறைந்த ஒரு நாளில் ஒரு வாரத்து வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது நம் சகோதரிகளின் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். துணியைப் பாதி துவைத்துவிட்டு கொஞ்சம் உட்காருங்கள், பிறகு மீதி. களைத்து விழுந்த பிறகு எடுக்கிற ஓய்வைவிட, விழுமுன்னே எடுக்கிற பத்து நிமிஷம் மேலானது.

அதே சமயம் நாள் முழுக்கப் படுத்தே இருந்தாலும் மூட்டுகள் இறுகிப்போகும். வைத்தியர் சொன்ன அளவு நடக்கவும் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். சாயங்காலத்துக்குமேல் டீ, காபி வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கிறவர்கள் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் பாருங்கள். ஜெபித்தாயிற்று என்று வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் விழுங்கவும் வேண்டாம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் பயப்படாதீர்கள். முழங்காலில் நிற்க முடியாவிட்டால் படுத்தபடியே ஸ்தோத்திரம் சொல்லுங்கள். கர்த்தருக்குக் கேட்கும்.

நம்முடையது ரயில்வே ஊர். வண்டி ஓட்டுகிறவர் டூட்டி முடிந்து ரன்னிங் ரூமில் படுத்தால் அவரை யாராவது சோம்பேறி என்கிறோமா? இத்தனை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஏன்? அவர் கண் அசந்தால் வண்டிக்கு ஆபத்து. அப்படியானால் ஒரு குடும்பத்தையே இழுக்கிற தாய்க்கு ஓய்வு வேண்டாமா?

4. சபையே, கல்லைக் கொண்டுவா!

யாத்திராகமம் 17-ல் மோசேயின் கைகள் தளர்ந்தபோது, ஆரோனும் ஊர் என்பவனும் "இன்னும் விசுவாசமாய்த் தூக்கு" என்று அதட்டவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவனை உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கினார்கள். மோசே உட்கார்ந்திருக்கும்போதுதான் இஸ்ரவேல் ஜெயித்தது!

நாமும் அந்தக் கல்லைக் கொண்டுவருவோம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு ஆராதனையில் நாற்காலி போடுவோம். எல்லாரும் எழுந்து நிற்கும்போது உட்கார்ந்திருக்கிறவரை முறைத்துப் பார்க்க வேண்டாம். முழு இரவு ஜெபத்துக்கு வர முடியாதவர் பெயரைச் சொல்லி அந்த இரவில் ஜெபிப்போம். வாலிபப் பிள்ளைகளே, அம்மாவுக்குப் பதிலாக இரண்டு குடம் தண்ணீர் நீங்கள் தூக்குங்கள். புருஷர்களே, ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒருநாள் நீங்கள் கழுவினால் அபிஷேகம் குறைந்துபோகாது!

வலியோடு இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, சூரைச்செடியின் கீழ் படுத்திருந்தவனைக் கர்த்தர் கைவிடவில்லை. உன்னையும் கைவிடமாட்டார்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, வலியினால் உறக்கமின்றித் தவிக்கிற உம்முடைய பிள்ளைகளை இந்த இரவில் தொட்டருளும். சுகம் தாரும். சுகம் தாமதிக்கும் நாட்களில் குற்றவுணர்வில்லாத இளைப்பாறுதல் தாரும். அவர்களைத் தாங்குகிற கைகளாக எங்கள் சபையை மாற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.