வாசல் யாருடையது?

முகத்துவாரத்திலே களனி கங்கை கடலோடு கலக்கிறது. அருகிலே மீன்பிடித் துறைமுகம். படகுக்கும் வலைக்கும் முதலாளியிடம் முற்பணம் பெற்ற மீனவன், தான் பிடித்த மீனை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். விலையைச் சொல்பவரும் அவரே. நம் கரையோரங்களிற் பழகிப்போன இவ்வழக்கை அறிந்தவர்க்கு, என் பழைய மாணவன் ஒருவன் அண்மையிற் கேட்ட கேள்வி புதியதாகத் தோன்றாது.

தமிழில் வினாத்தாள் அமைக்க ஆசிரியர்க்கு உதவும் கணினி மென்பொருள் ஒன்றை அவன் தனியொருவனாக ஆக்கியுள்ளான். “சேர், இதை அப்பிள் கடையிலே விற்பதா, நானே நேரில் விற்பதா?” என்றான். இது வெறும் வியாபாரக் கேள்வியன்று. உழைப்பவனுக்கும் உழைப்பின் பயனுக்கும் நடுவே நிற்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் அறக் கேள்வி.

கடையின் பக்கத்து நியாயத்தை முதலிற் காண்போம். முகமறியாத ஒருவன் ஆக்கிய மென்பொருளைத் தன் கணினியில் ஏற்ற அஞ்சும் ஆசிரியையின் அச்சம் பொய்யன்று. சோதிக்கப்பட்ட பொருள் என்ற உறுதி அவருக்கு வேண்டும். விற்பவனுக்கும் நன்மையுண்டு. பேபால் நிறுவனம் இலங்கையர் பணம் பெறும் வசதியை நெடுங்காலம் அளிக்காதிருந்தது. கொழும்பிலிருந்து உலகுக்கு விற்க முயன்றவனுக்கு, பணத்தை வசூலித்துத் தரும் கடை பேருதவியே. ஆயினும் மீனவனுக்கு முற்பணமும் பேருதவியாகத்தான் வந்தது. தேவையே பின்னர் தளையாயிற்று.

உதவிக்குக் கூலி பெறுவது வேறு. வாசலை உடைமையாக்கிக் கப்பம் பெறுவது வேறு. 2011 சனவரியில் மக் கணினிக்கான கடை திறக்கப்பட்டபோது, விலையில் நூற்றுக்கு 30 கடைக்குப் போயிற்று. 2021 முதல், ஆண்டு வருவாய் 10 லட்சம் டொலரைத் தாண்டாதோர்க்கு அது 15 ஆயிற்று. அதே ஆண்டில் மைக்ரோசொஃப்ட், தம் சொந்த வசூல் முறையைக் கையாளும், விளையாட்டல்லாத செயலிகளிடம் தரகே வேண்டாமென்றது. ஆகவே தரகு இயற்கை விதியன்று. பேரம் பேசும் பலத்தின் அளவுகோல்.

2012 சூனில் அப்பிள் கடை, ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென வகுக்கப்பட்ட வேலிக்குள்ளேயே இயங்க வேண்டுமென விதித்தது. பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் பிற கோப்புகளைத் தொட்டு வேலைசெய்யும் கருவிகள் இடர்ப்பட்டன. பிபிஎடிட் என்னும் எழுத்துத் தொகுப்பான் 2014இல் வெளியேறியது. விதி தளர்ந்தபின், 2019இல் மீண்டது. வெளியேயும் பிழைக்க வழி இருந்ததாலன்றோ இஃது இயன்றது? ஐபோனிலே நெடுங்காலம் அவ்வழி இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வற்புறுத்திய பின்னரே, 2024இல், அங்கே பிற கடைகளுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் 1ஆம் நாள், கட்டணத் தகராற்றில், சென்னையின் பாரத் மாட்ரிமனி உள்ளிட்ட இந்தியச் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து நீக்கியது. அரசு தலையிட்டபின் அவை சில நாட்களில் திரும்பின. பெருநிறுவனத்துக்கே இக்கதியெனில் தனியொருவன் எம்மாத்திரம்?

வெளியே விற்பவன் முழுச் சுதந்திரன் என்றும் மயங்க வேண்டா. மக் கணினியில் அவனும் அப்பிளின் ஒப்புதல் முத்திரையைப் பெறவேண்டும். இன்றேல் கணினியே வாங்கியவரை எச்சரித்துத் தடுக்கும். அம்முத்திரைக்கும் ஆண்டுக்கு 99 டொலர் கட்டி உறுப்பினனாக வேண்டும். ஆகவே தனிமனிதனின் வெளியேற்றம் மட்டும் விடுதலையாகாது.

மாணவனிடம் கூறினேன்: “தம்பி, கடையிலும் வை. ஆனால் உன் கையால் விற்கும் வழியை ஒருபோதும் அடைத்துவிடாதே. அவ்வழியில் வாங்குவோரின் நம்பிக்கைக்கு நீயே பொறுப்பு என்பதையும் மறவாதே.”

அவனிடம் கூறியது பாதி விடைதான். மறுபாதி நம் எல்லோருக்கும் உரியது. பலரும் கடந்தேயாக வேண்டிய வாசல் எதுவோ, அது பொதுச் சட்டத்துக்கு விடைசொல்ல வேண்டும். அதைக் கேட்பதற்கு ஆக்குவோரும் வாங்குவோரும் ஒன்றுசேர வேண்டும். முற்பணத்திற் சிக்கிய மீனவர்க்குக் கூட்டுறவுச் சங்கம் தேவைப்பட்டதும் இதனாலேயே. தனித்தனியே நின்று முதலாளியிடம் நல்ல விலை கேட்டவரை, கரை அறிந்ததில்லை.